எழுத்து நிற்காத பிள்ளைகள்

மகளுக்கு எட்டு வயது. வகுப்பில் ஓரிடத்தில் உட்காருவதில்லை, வாசிக்கும்போது வரிகளைத் தாண்டிவிடுகிறாள் என்று பள்ளியில் சொன்னதால் ஒரு குழந்தை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். டாக்டரம்மா அவளை வாசிக்கச் சொன்னார், ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். பிறகு அவள் கட்டைவிரலை மெல்ல மடக்கினார். வலியே இல்லாமல் அது முன்கையைத் தொட்டது. குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வளையுமா என்று இந்தியில் கேட்டார்.

தம்பிக்கு வளையும் என்றேன். வளைந்தது என்று சொல்லியிருக்க வேண்டும். அவன் போய் ஆறு வருடமாகிறது.

இப்படித் தளர்ந்த மூட்டு, நிலைக்காத கவனம், வாசிப்பில் தடுமாற்றம் எல்லாம் சில பிள்ளைகளிடம் சேர்ந்தே இருப்பதுண்டு. ஏன் என்று உறுதியாகத் தெரியாது, விரலை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யவும் கூடாது என்றார். தம்பி எதுவரை படித்தான் என்று கேட்டார். ஒன்பதாவது என்றேன். 

டெல்லி லக்ஷ்மிபாய் நகர் அரசு குவார்ட்டர்ஸில் இருந்த நாட்களில் அவனை வாசிக்க வைப்பது என் பொறுப்பு. நான் வகுப்பில் முதல் மாணவி. அவனோ நாலு வரிக்கு ஒருமுறை எழுந்து ஜன்னலுக்குப் போவான். ஒருநாள் சொன்னான்:

"அக்கா, எழுத்து ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது."

நடிக்காதே என்று ஸ்கேலால் அடித்தேன். அப்பாவிடமும் போட்டுக்கொடுத்தேன். பொய் சொன்னதற்காக அப்பா பெல்ட்டை எடுத்தார். அதன்பிறகு அவன் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

வளர்ந்து முனிர்காவில் அறை எடுத்துக்கொண்டான். வாட்ஸப்பில் ஒரு வரிகூட எழுதமாட்டான், குரலில்தான் பேசி அனுப்புவான். டைப் பண்ணக்கூடச் சோம்பல் என்று எண்ணி, பலவற்றை நான் கேட்காமலே விட்டிருக்கிறேன். காய்ச்சல் என்று அனுப்பியதை இரண்டு நாள் கழித்துத்தான் கேட்டேன். டெங்கு. அவனுக்கு அப்போது இருபத்தாறு வயது.

வீட்டுக்கு வந்ததும், ஓய்வுபெற்று எங்களோடு இருக்கும் அப்பாவிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார்.

"அப்போ அவன் பொய் சொல்லலியாம்மா?"

"இல்லப்பா."

எழுந்து பாத்ரூமுக்குள் போனார். வெகுநேரம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மகள் இப்போது வாரம் இருமுறை சிறப்பு ஆசிரியையிடம் போகிறாள். வரிக்குக் கீழே ஓர் அட்டையை வைத்து நகர்த்தியபடி வாசிக்கிறாள். முந்தாநாள் பாதிப் பக்கம் வந்தது. களைத்துப்போனால் போதும் என்பதை இந்தியில் "பஸ், மம்மி" என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடுவாள். அதற்கு மேல் நான் அவளை வற்புறுத்துவதில்லை.