வடிய வேண்டிய வீக்கம்

ஆடிக் கிருத்திகைக்கு மலையில் மொட்டை போட்ட என் மகளுக்கு மறுநாளே வாந்திபேதி. திருத்தணி ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்ற நரம்பே அகப்படவில்லை. குள்ளமான, முன்பல் துருத்திய நர்சம்மா, அப்போது புதிதாக வந்திருந்த ஒரு மருந்தை வலது தொடையில் ஊசியாகப் போட்டு, அதே இடத்தில் தோலுக்கடியில் சலைனை இறக்கினார். தொடை வீங்கியது. உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"வீங்கிகினே போவுதேம்மா?"

"வீங்கட்டும்ங்க. மொத ஊசி சதைய இளக்கி வழி வுடும். வீக்கம் வடிஞ்சா தண்ணி ரத்தத்துல சேந்துடுச்சுன்னு அர்த்தம். ரத்தம் ஓடற வரைக்கும் வடியும்."

வலது தொடை வடிந்தது. எனக்கு உயிர் வந்தது. அடுத்து இடது தொடையில் இறக்கினார். அது வடியவே இல்லை. சந்தனம் பூசிய தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"இது எப்பம்மா வடியும்?"

"இனிமே வடியாதுங்க."

சொன்ன பிறகும் அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.