பெயர் அழித்த இடம்

சமூகவியல் என்றால் என்ன படிப்பு என்று கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் மாமாக்கள் கேட்டபோது, "ஊர்வம்புதான் மாமா. ஆனா யார் பேரையும் வெளிய சொல்லக் கூடாது" என்றார் வஜிஹா. பேராசிரியரான பிறகு வகுப்பிலும் அதையே சொல்வார். பிள்ளைகள் சிரிப்பார்கள். இப்போதெல்லாம் சொல்வதில்லை.

அவர் டாக்டர் பட்டம் வாங்கியது ஓசூர் கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கும் பெண்களைப் பற்றி எழுதி. சூப்பர்வைசரின் அட்டகாசத்தையெல்லாம் அவர்கள் நம்பிக் கொட்டினார்கள். பெயர் தெரிந்தால் வேலை போய்விடும். பழைய ரேடியோக்களைப் பிரித்துப் பூட்டுவதில் வஜிஹாவுக்குப் பைத்தியம். அந்தக் கைப்பழக்கத்தில், ஒலிப்பதிவில் பெயர் வந்த இடத்தையெல்லாம் தானே அழித்தார். யார் எந்தக் குரல் என்ற குறிப்பையும் முறைப்படி கிழித்துப் போட்டார். அதில் அவருக்குப் பெருமை வேறு.

போன ஆடியில், அவரிடம் படிக்கும் பாகலூர்ப் பெண் சுப்ரியா அறை வாசலில் வந்து நின்றாள்.

"மேடம், எங்கம்மா நாராயணம்மா உங்ககிட்ட பேசியிருக்காங்களாம், பெரியம்மா சொன்னாங்க. நான் கைக்கொழந்தையா இருக்கறப்பவே கம்பெனி வேன் கவுந்து செத்துட்டாங்க. அவங்க கொரல் எப்பிடி இருக்கும்னே எனக்குத் தெரியாதுங்க மேடம்."

வஜிஹாவுக்கு நாராயணம்மாவின் முகம்கூட நினைவில்லை. பெட்டி நிறையக் குரல்கள். எது யாருடையது என்று சொல்ல ஆள் இல்லை.

சனிக்கிழமை மதியம் அவர் வீட்டில் இருவரும் உட்கார்ந்து கேட்டார்கள். சுப்ரியா வீட்டில் பேசுவது தெலுங்கு. அது பேசாதவர்கள், கைக்குழந்தை இல்லாமல் வந்தவர்கள் என்று கழித்துக்கொண்டே வந்ததில் இரண்டு குரல்கள் மிஞ்சின. முதல் குரல்காரி, மடியில் குழந்தை தூங்க, ஓவர்டைம் கதையைச் சொல்லிக் கரகரவென்று சிரித்தாள். சுப்ரியாவின் முகம் அசையவில்லை.

இரண்டாவது குரல் பேசும்போதே குழந்தை அழுதது. "நா தல்லீ", என் தாயே என்று கொஞ்சினாள் அந்தப் பெண். அப்புறம் ஒன்றுமில்லை, பெயர் அழித்த இடம். அழாதே, அம்மா இங்கேதான் இருக்கிறேன் என்று தெலுங்கில் தொடர்ந்தாள்.

"இன்னொருக்கா போடுங்க மேடம்."

அந்த இடம் மறுபடி வந்தது. "சுப்ரியா" என்றாள் சுப்ரியா, மெல்ல. அழாதே என்றது குரல்.

"எங்கம்மாதாங்க மேடம்!" அழுகையும் சிரிப்புமாகக் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த இடத்தில் எந்தக் குழந்தையின் பெயரும் பொருந்தும். வஜிஹாவுக்கு அது தெரியும். தெரிந்தே, "ஆமாம்மா" என்றார். பதிவை அவள் போனில் ஏற்றியும் கொடுத்தார்.

அன்றிலிருந்து வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டே இருக்கிறது. அமைதி என்றால் பயம். வகுப்பில்தான் தப்ப முடிவதில்லை. வருகைப் பதிவில் "சுப்ரியா" என்று கூப்பிடுகிறார். அவள் "உள்ளேன் மேடம்" என்று சொல்வதற்குள், அந்த முதல் குரல் கரகரவென்று சிரித்து, அப்படியானால் நான் யார் என்று கேட்டுவிடுகிறது.