லேம்ப் ஷேடுக்கு டை

பேசிக்கொண்டிருக்கும்போதே பார்லர் அக்காவின் இரண்டு விரல்கள் எதிரில் இருப்பவரின் முடிக்கற்றை ஒன்றைப் பிடித்துவிடும். பால் பாக்கெட் வாங்க வந்தவர், பஸ்ஸுக்கு நிற்பவர் என்ற பேதமெல்லாம் கிடையாது. “வீட்லயே டை அடிச்சீங்களா? பின்னாடி அப்படியே விட்டுட்டீங்க பாருங்க” என்பார். கோபித்துக்கொண்டு போனவர்களே மறுவாரம் அவருடைய நாற்காலியில் வந்து உட்காருவார்கள். இருபத்திரண்டு வருடத் தொழில், சும்மாவா?

வீட்டில் அவரும் மாமியாரும் மட்டும்தான். கணவர் இறந்து ஆறு வருடமாகிறது. இருவரும் சண்டை போடாத நாளும் இல்லை, ஒருவரை விட்டு ஒருவர் சாப்பிட்ட நாளும் இல்லை.

போன மாதம் மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன். கட்டு அவிழ்த்ததும் வீட்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். “இத்தனை வருஷமா இந்த அழுக்குலயா குடும்பம் நடத்தினோம்?” சுவர் தப்பவில்லை, திரைச்சீலை தப்பவில்லை, மருமகளின் முகமும் தப்பவில்லை. “உனக்கு எப்ப இவ்வளவு வயசாச்சு?” கடைசியில் மேசை விளக்கின் துணி ஷேடுக்கு வந்தார். சந்தன நிறம் என்று நம்பிக்கொண்டிருந்தது டீக்கறையாகத் தெரிந்தது. “தூக்கிக் குப்பையில போடு. நீலத்துல ஒண்ணு வாங்கு. நீலம் எவ்வளவு அழகுன்னே மறந்து போயிருந்தேன்.”

மற்றதற்கெல்லாம் தலையாட்டிய அக்கா இதற்கு மட்டும் ஆட்டவில்லை. அந்த ஷேடின் உள்பக்கத்தில் கணவரின் கையெழுத்து இருக்கிறது. பல்பு மாற்றும்போதெல்லாம் அங்கே ஒரு வரி கிறுக்கிவைப்பது அவர் வழக்கம். அவர் எழுதிய காலத்திலேயே கண் மங்கிவிட்ட மாமியாருக்கு இது தெரியாது. சொல்லிவிடலாம்தான். ஆனால் மகன் பேச்சை எடுத்தாலே அவர் விருட்டென்று எழுந்து உள்ளே போய்விடுவார். “இதையே நீலமாக்கித் தரேன் அத்தை. பிடிக்கலைன்னா நானே குப்பையில போட்டுடறேன்” என்று அக்கா வாக்குக் கொடுத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பார்லருக்கு லீவு. மேசையில் பேப்பர் விரித்து, கையுறை மாட்டி, துணிக்கு அடிக்கும் பெயிண்டை டை கிண்ணத்தில் நீர்க்கக் கரைத்தார்.

“நீலம்தானே கேட்டேன். எதுக்கு ஊதா?”

“இது பழுப்பேறின மஞ்சள் அத்தை. நேரா நீலம் போட்டா பச்சையடிச்சுடும். எத்தனை தலையில பார்த்திருக்கேன்! முதல்ல ஊதாவைப் போட்டு மஞ்சளை அடக்கணும்.”

நெற்றியில் சாயம் பிடிக்காமலிருக்க வாசலின் தடவுவார்களே, அதேபோல் உள்ளே எழுத்து இருந்த இடத்தில் வாசலினை அப்பினார். பிறகு வகிடெடுப்பதுபோல் ஷேடைப் பாகம் பிரித்து, டை பிரஷ்ஷால் மேலிருந்து கீழே இழுத்தார். ஊதா காய்ந்ததும் நீலம். டிரையரில் உலர்த்தி முடித்து, பழக்கதோஷத்தில் கைக்கண்ணாடியை எடுத்து ஷேடுக்குப் பின்பக்கம் காட்டப் போனார். நீலம் அவ்வளவு அழகாக ஏறியிருந்தது.

விளக்கைப் போட்டதும் மானம் போயிற்று. பிரஷ் இழுத்த தடமெல்லாம் வரிவரியாகத் தெரிந்தது. வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தில் நிறம் பார்த்தே பழகிய கண் அவருடையது. அவர் சாயம் போட்ட எந்தத் தலைக்குள்ளும் பல்பு எரிந்ததில்லை.

“வரிக்குதிரை மாதிரி இருக்கு” என்றார் மாமியார். குப்பைக்கூடை எங்கே என்றும் பார்த்துக்கொண்டார்.

அக்கா பதறவில்லை. அடுத்தவர் சொதப்பிய தலையைச் சரிசெய்வதில்தான் அவருக்குப் பேரே. இன்று சொதப்பியது அவர் கை, அவ்வளவுதானே! ஷேடைக் கழற்றி உள்ளே டார்ச்சை நிறுத்தினார். தண்ணீர் தெளித்து, ஈரம் காய்வதற்குள் வெளுத்த இடமாகப் பார்த்து ஸ்பாஞ்சால் ஒற்றினார். காயவைத்துவிட்டு மறுபடி. மூன்று முறை. மத்தியானச் சாப்பாடு மேசையில் ஆறிப்போனது.

சாயங்காலம் வாசலினைத் துடைத்து ஷேடை மாட்டி விளக்கைப் போட்டபோது பிரஷ் தடம் ஒன்றுகூட இல்லை. மாமியார் பக்கத்தில் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குறை கண்டுபிடிக்காமல் விடுவாரா?

“இங்க ஒரு இடத்தை விட்டுட்டியே. என்னமோ எழுத்து மாதிரி வேற தெரியுது.”

அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். “உள்பக்கம் பாருங்க அத்தை. உங்க பிள்ளை எழுதினது.”

மாமியார் நாற்காலியில் உட்கார்ந்தார். குனியக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அக்கா விளக்கையே தூக்கி அவர் முகத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தார். வெளிச்சம் புதுக்கண்ணில் அடிக்காமலிருக்க, மற்றொரு உள்ளங்கையால் பல்பை மறைத்துக்கொண்டார்.

“‘ஏழு மாசம்தான் எரிஞ்சுது. கடைக்காரன் ஏமாத்திட்டான்.’” மாமியார் எழுத்துக் கூட்டிப் படித்தார். “‘பதினாலு மாசம். தங்கமான பல்பு.’” கடைசி வரிக்கு வந்தபோது குரல் இறங்கிவிட்டது. “‘அம்மாவுக்குக் கண்ணு கூசுதாம். சின்ன பல்பு போட்டிருக்கேன்.’”

அவர் எழுந்து போகவில்லை. விரலை வைத்து, முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். பல்பு நன்றாகச் சூடேறியிருந்தது. அக்கா கையை எடுக்கவில்லை.