மகள் படிக்கிறாள், மில் ஓடாது

அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில் சண்டை போடாமல் இருந்தால் தெருவுக்குத் தூக்கம் வராது. எங்கள் இருவரால் பல பேர் தூக்கம் கெட்டிருக்கிறது. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது என் நாத்தனார் பள்ளிக்கூடத்துப் பெண். வந்த மறுநாளே அவளைக் காணோமே என்று நான் பதறினேன். என் மாமியார் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"மில்லுல போய்ப் பாரு. மூட்டை மேல கிடப்பா" என்றார்.

வீட்டின் முன்பாதி மாவு மில், பின்பாதியில் நாங்கள். நடுவில் ஒரே ஒரு சுவர். மோட்டார் ஓடினால் சுவரில் மாட்டிய காலண்டர் ஆடும், அலமாரியில் டம்ளர்கள் குலுங்கும். பெல்ட்டில் ஒட்டுப் போட்ட இடம் ஒவ்வொரு சுற்றுக்கும் சக்கரத்தில் பட்டு 'டக்' என்னும். புதிதாக வந்த எனக்கு மண்டை வெடித்தது. அவளோ அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து, கோதுமை மூட்டை மேல் காலை நீட்டி, மடியில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். தலை, புருவம், புத்தகம் எல்லாம் மாவு. பக்கத்தில் எலி பிடிப்பதற்காக வளர்த்த பூனை. அது கறுப்புப் பூனை என்பது ஒரு மழையில் நனைந்து வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"இந்த இரைச்சல்ல எப்படிடீ உனக்கு மண்டையில ஏறுது?"

"இரைச்சலா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே அண்ணி. மோட்டார் நின்னாத்தான் எல்லாம் கேக்கும்."

பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் வளர்ந்தவள். தொட்டிலே மில்லில்தான் கட்டியிருந்தார்களாம். சத்தம் நின்றால் குழந்தை விழித்துக்கொண்டு அழுமாம். இதை மாமியாரே சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார். சொன்னதை எல்லோரும் மறந்ததுதான் வேடிக்கை.

ஒரு நாள் பூனையின் காலைப் பெல்ட் அடித்துவிட்டது. இவள் விளக்குமாற்றுக் குச்சி இரண்டை வைத்துக் கட்டுப்போட்டு, கூடவே படுத்துக் கிடந்து அதைத் தேற்றினாள். அன்றிலிருந்து தெருவில் அவளுக்கு 'மாட்டு டாக்டர்' என்று பெயர். கேலிக்கு வைத்த பெயரை அவள் நிஜமாகவே எடுத்துக்கொண்டாள். கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர வேண்டும், அதற்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும் என்றாள். பள்ளியில் எப்போதும் முதல் மூன்று பேரில் ஒருத்தி. யாருக்கும் சந்தேகமில்லை.

அங்கேதான் சனி பிடித்தது. மில்லுக்கு வரும் கணக்கு டீச்சர் ஒருவர் மாவை வாங்கிக்கொண்டு சும்மா போயிருக்கலாம். "நுழைவுத் தேர்வு சாமானியமில்லைங்க. படிக்கிற பிள்ளைக்கு வீட்டுல அமைதி வேணும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். என் மாமனார் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். படித்தவர்கள் சொன்னால் அவருக்கு அது கல்லில் செதுக்கியது. மறுநாள் காலை மில் வாசலில் சிவப்புப் பெயின்ட்டில், அவர் கையாலேயே எழுதிய பலகை தொங்கியது: 'மகள் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறாள். மில் மாலையில் மட்டும் ஓடும்.'

முதலில் எல்லோரும் வாழ்த்தினார்கள். பிறகு சாக்குப்பையோடு வந்து பலகையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். பிறகு அடுத்த தெருவில் புதிதாகத் திறந்த மில்லுக்கு நேராகப் போகப் பழகிக்கொண்டார்கள். "போனாப் போறாங்க. படிப்புதான் முக்கியம்" என்றார் மாமனார். அவர் வாயிலிருந்து ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீடு ஆஸ்பத்திரி ஆனது. காலிங்பெல் வயரை அறுத்தார்கள். விசிலுக்குப் பயந்து மாமியார் குக்கரைப் பரணில் ஏற்றினார். என் கணவர் தெருமுனையிலேயே பைக்கை அணைத்து வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தார். எனக்குத் தும்மல் வந்தால் கொல்லைக்கு ஓடினேன். மாமனார் தன் வீட்டுக்குள்ளேயே திருடனைப் போலப் பூனை நடை நடந்தார்.

உள்ளே, கதவு சாத்திய அறையில், என் நாத்தனார் வாடினாள். டீ கொண்டுபோகும்போதெல்லாம் புத்தகம் அதே பக்கத்தில் இருக்கும்.

"குழாய் சொட்டுது அண்ணி."

குழாயைச் சரி செய்தோம்.

"அம்மா வெங்காயம் நறுக்குறாங்க. இப்போ கத்தியை வெச்சிட்டாங்க. பெருமூச்சு விடுறாங்க."

பெருமூச்சை எப்படிச் சரி செய்வது? மாலையில் மோட்டார் போட்டதும்தான் அவள் முகம் தெளியும், நாலு பக்கம் புரளும். அதற்குள் மில்லை நிறுத்திவிடுவார்கள், குழந்தைக்குத் தொந்தரவாம்.

ரிசல்ட் வந்தது. கட்-ஆஃப் எங்கேயோ இருந்தது, இவள் மார்க் எங்கேயோ இருந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு அவள் மார்க்கை வாசித்தபோது மாமியார் முகத்தில் ஈயாடவில்லை. சாதாரணமாக ஒரு வீட்டில் மார்க் குறைந்தால் நாலு சொந்தக்காரர்கள் கேட்பார்கள், பூசி மெழுகிவிடலாம். நாங்கள்தான் போர்டு மாட்டிப் படிக்க வைத்தவர்கள் ஆயிற்றே. தெரு முழுவதற்கும் கேட்கிற உரிமை வந்துவிட்டது. "மில்ல மூடிட்டு அரைச்ச மாவு இவ்வளவுதானா?" என்று ஒரு ஆள் என் காது படவே கேட்டான். அவன் வீட்டுக் கோதுமையை எத்தனையோ முறை நாங்கள் கடனுக்கு அரைத்துக் கொடுத்திருக்கிறோம். நன்றாகக் கேட்கும்படி திருப்பிக் கொடுத்தேன், அது இங்கே எழுதத் தக்கதல்ல.

மாமனார் மகளை ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. யோசித்து யோசித்து ஒரு காரணம் கண்டுபிடித்தார்.

"சாயந்திரம் ஓட்டினேன் பாரு, அதுதான் கெடுத்துடுச்சு. புள்ளைக்கு மண்டையில ஏறுற நேரத்துல நான் மோட்டாரைப் போட்டுத் தொலைச்சேன். அடுத்த தடவை முழுசா நிறுத்திடுறேன். நீ திரும்ப எழுதும்மா."

கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தபோது அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்துக் கல்லூரியில் ஏதோ ஒரு பட்டப்படிப்புக்கு இடம் இருந்தது. அதில் சேர்ந்துவிட்டால் இந்தக் கதை முடிந்தது. இல்லையென்றால் இன்னொரு வருஷம்.

"உனக்கு எழுதணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லு" என்றேன்.

"எழுதணும் அண்ணி. மில்லு ஓடினா எனக்கு வரும். ஓடலன்னா எத்தனை தடவை எழுதினாலும் இதே மார்க்குதான்."

"இதை உங்க அப்பாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? நீங்க தொழிலைக் கெடுத்துக்கிட்டது வீண், என்னையும் கெடுத்துட்டீங்கன்னு சொல்ற மாதிரி ஆகாதா?"

"ஆகட்டும். ஒரு நாள் அழுவார், மறுநாள் மோட்டாரைப் போடுவார். வாயை மூடிக்கிட்டு இருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து கெடுவீங்க."

அவள் பிழிந்த துணியையே திரும்பத் திரும்பப் பிழிந்தாள். பிறகு எழுந்து, "நீங்களும் வாங்க" என்றாள்.

மாமனார் முக்காலி மேல் நின்று, பலகையில் 'ஓடாது' என்று மாற்றி எழுத, 'மாலையில் மட்டும் ஓடும்' என்ற சொற்களின் மேல் வெள்ளை பூசிக்கொண்டிருந்தார். அவள் முக்காலியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், தெளிவாகத்தான் சொன்னாள்.

"அப்பா, எனக்கு அமைதி ஒத்துக்கலப்பா. மில்லு ஓடினாத்தான் எனக்குப் படிப்பு ஓடும். சின்ன வயசுல இருந்தே அப்படித்தானே? மோட்டாரைப் போடுங்க, நான் மூட்டை மேல உக்காந்து படிச்சு எழுதறேன்."

அவர் பிரஷ்ஷை வைத்துவிட்டு மகளைப் பார்த்தார். கண் கலங்கியது. அப்பாடா, புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"பாத்தியாம்மா மருமகளே? அப்பன் பொழைப்பு போகுதேன்னு பொய் சொல்றா."

"பொய் இல்ல மாமா. நான் கண்ணால பாத்தேன். சாயந்திரம்தான் அவ படிச்சதே."

"நீயும் கூட்டா? சத்தத்துல படிக்கிற புள்ளை உலகத்துல உண்டா? டீச்சருக்குத் தெரியாததா உங்க ரெண்டு பேருக்கும் தெரியும்?" சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அப்படி ஒரு பெருமை அந்த முகத்தில். மகளுக்கு மார்க் வராவிட்டால் என்ன, மனசு இருக்கிறதே என்கிற பெருமை.

அவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "அப்படின்னா நான் எழுதல. காலேஜ்ல சேந்துக்கறேன். நீங்க மில்ல ஓட்டுங்க."

 அவர் முக்காலியிலிருந்து இறங்கி, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். வரும்போது முகம் தெளிவாக இருந்தது. மறுநாள் புது மில்லின் சரக்கு வண்டி வாசலில் வந்து நின்றது. அவர் விற்றுவிட்ட மோட்டார், கல், பெல்ட், சல்லடை எல்லாவற்றையும் ஏற்றினார்கள். மாமியார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். என் கணவர் அப்பாவிடம் கத்திப் பார்த்தார், காதில் விழவில்லை.

"இனிமே மில்லுக்காகப் படிப்பை விடறேன்னு நீ சொல்ல முடியாது" என்றார் மாமனார் மகளிடம். "மில்லே இல்ல. இப்போ எழுது."

அவள் அந்த வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "சரிப்பா, எழுதறேன்" என்றாள். வேறு என்ன சொல்வாள்? பூனை மட்டும் விவரமானது. வண்டியின் பின்னாலேயே போனது, திரும்பி வரவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது, இன்னும் எரிகிறது. அவர் ஒரு கெட்ட மனுஷராக இருந்திருந்தால் நான் சண்டை போட்டே ஜெயித்திருப்பேன். இவ்வளவு நல்லவரோடு எப்படிச் சண்டை போடுவது? அவருடைய நல்ல மனசு சுவர் மாதிரி நடுவில் நின்றது. எந்தப் பக்கம் முட்டினாலும் எங்கள் தலைதான் உடைந்தது.

புது மில்லில் எங்கள் மோட்டார் மக்கர் பண்ணியது. பெல்ட் வழுக்கியது, மாவு சூடாகிக் கருகியது. அதன் முதலாளி வந்து, உங்க கைக்குத்தான் அது அடங்கும், நீங்களே வந்து ஓட்டுங்க என்று கூப்பிட்டார். இப்படியாக என் மாமனார் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குக் கூலிக்குப் போக ஆரம்பித்தார். 'மில்லுக்காரரே' என்று கூப்பிட்டவர்கள் அங்கே அவரை 'பெரியவரே' என்று கூப்பிட்டார்கள். அதையும் பெருமையாகத்தான் சொன்னார், "வீட்டுல ஒரே அமைதி பாரு."

அவள் பழையபடி அந்த அறையில் உட்கார்ந்தாள், பழையபடி பக்கம் புரளவில்லை. ஒரு நாள் புழுக்கம் தாங்காமல் பின்பக்க ஜன்னலைத் திறந்தாள். காற்றோடு அது வந்தது. தூரத்து இரைச்சல், நடுநடுவே 'டக்'. எங்கள் பெல்ட்டின் ஒட்டு.

மேஜையை அவளே ஜன்னலோரம் இழுத்தாள். நான் டீ கொண்டுபோனது கூட அவளுக்குத் தெரியவில்லை. ஆறிப்போன டீயை நான் திருப்பி எடுத்து வந்தது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். மாதிரித் தேர்வுகளில் மார்க் ஏறியது. "அண்ணி, இந்தத் தடவை வந்துடும் போல" என்றாள். நானும் மூச்சு விடவில்லை. ஜன்னல் பக்கம் யாரும் போகாமல் காவல் காத்தேன்.

அன்று மத்தியானம் மாமனார் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டதால் வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலில் விட்டு, வழக்கம்போலச் சத்தமில்லாமல் நடந்து உள்ளே போனார். நான் அடுப்படியிலிருந்து ஓடுவதற்குள் அறைக்குள் போய்விட்டார். ஜன்னல் விரியத் திறந்திருந்தது. இவர் திரும்பி வரும்வரை புது மில்லில் வேறொரு ஆள் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தான், அது ஓடிக்கொண்டிருந்தது.

"அடக் கடவுளே, இங்க வரைக்கும் கேக்குதா?" குரல் உடைந்துவிட்டது. "நான் ஓட்டுற சத்தமா என் புள்ளையைக் கெடுக்குது?"

"அப்பா, அது இருக்கட்டும்பா. மூடாதீங்க."

"இன்னும் அந்தப் பொய்ய விடலியா நீ?" என்று தலையைத் தடவினார். ஜன்னலைச் சாத்தித் தாழ் போட்டார். முன்பாதிக்குப் போய், பழைய சாக்கு ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்து, ஜன்னல் கதவிடுக்குகளில் கத்தி முனையால் ஒவ்வொரு துண்டாகச் செருகினார். கண்ணும் கருத்துமாக. அவள் எழுந்து தடுக்கவில்லை. அவர் தடவிய இடத்தில் அவள் தலையில் மாவு ஒட்டியிருந்தது. அதையும் அவள் தட்டிவிடவில்லை.

வெளியே வந்து என் காதருகே குனிந்து கிசுகிசுத்தார்.

"இனிமே கேக்காதுல்லம்மா?"

"கேக்காது மாமா."

நிம்மதியாகத் தலையாட்டினார். செருப்புச் சத்தம் கேட்கக்கூடாதென்று அதைக் கையில் எடுத்துக்கொண்டு, தெருமுனை வரைக்கும் வெயிலில் வெறுங்காலோடு நடந்து போனார்.