பொங்கல் சீருக்கு வந்த விரால் குஞ்சுகள்

கல்யாணமாகி மறுவருஷப் பொங்கலுக்குக் கரும்பு, அரிசியோடு ஒரு டிரம் விரால் குஞ்சும் சீராகத் தருவதாக அப்பா சொன்னார். கீழப்பழுவூரில் அவர் விரால் வளர்க்கிறார். குட்டையில் பொரித்த குஞ்சுகளைத் தீவனம் தின்னப் பழக்கி, விரல் நீளம் ஆக்குவதற்குள் மனுஷன் படாத பாடு பட்டுவிடுவார். செட்டிகுளத்தில் எங்கள் வயலில் புதிதாகக் குட்டை வெட்டியிருந்தோம். என் வீட்டுக்காரரே மினி வேனில் போய் ஏற்றி வந்தார்.

வண்டி வாசலில் நின்றதும் ஓடிப்போய் டிரம்மைத் திறந்தேன். விளிம்பு வரை தண்ணீர். அத்தனை குஞ்சும் செத்துக் கிடந்தன.

"ஐயையோ, என்னாங்க பண்ணித் தொலைச்சீங்க?"

"மாமா பாதி டிரம்முதான் தண்ணி வச்சிருந்தாரு. வெயில்ல பாவமா இருந்துச்சு. அரியலூர் தாண்டி ஒரு பம்புசெட்டுல ரொப்பி, துள்ளிடாம இறுக்கி மூடிட்டேன்."

பாவமாம்! விரால் அடிக்கடி மேலே வந்து காற்றைக் குடித்தால்தான் பிழைக்கும். மேலே இடமில்லை என்றால் மீனே ஆனாலும் தண்ணீருக்குள் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் ஒரு குஞ்சைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டே நின்றார். அதைப் பார்த்ததும் கோபம் போய் எனக்குப் பயம் வந்துவிட்டது. மீன் விஷயத்தில் அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இவரோ ஒரு சுடுசொல் தாங்காதவர். அப்பா ஏதாவது சொல்லிவிட்டால் இந்த மனுஷன் அப்பா வீட்டு வாசப்படியை மறுபடி மிதிக்கமாட்டார்.

மறைத்துவிடலாம் என்றேன். கேட்கவில்லை. தானே போன் போட்டு நடந்ததைச் சொல்லிவிட்டார். அப்பா "வரேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டு, மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். காலி டிரம்முக்குப் பக்கத்தில் இவர் தலைகுனிந்து நின்றார்.

"தலையத் தூக்குங்க மாப்ள. மொதமொதல்ல குஞ்சு வாங்கியாந்தப்ப நானும் இப்படித்தான் ரொப்பி மூடி, ஒண்ணு வுடாம சாவக் குடுத்தேன். அடுத்த பொரிப்பு வரட்டும், ரெண்டு பேருமா கொண்டாருவோம்."

இவர் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. "நெசமாவா மாமா?"

"பின்ன?"

அப்பா முதன்முதலாகக் குஞ்சு வாங்கி வந்த அன்று, டிரம்மைக் கட்டிப் பிடித்தபடி வண்டியில் கூடவே வந்தவள் நான். ஒன்றுகூடச் சாகவில்லை.

அப்பா என்னைப் பார்த்தார்.

"நெசந்தாங்க" என்றேன் இவரிடம். "நான்கூட அன்னைக்கி அழுதேன்."