கைக்கெட்டும் தூரத்தில் குளுக்கோஸ்

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்குப் புது தில்லி ஸ்டேஷனில் இறங்கினேன். முதுகில் ஐம்பது லிட்டர் மலையேற்றப் பை. எடை பதினொன்றரைக் கிலோ. அதைச் சுமந்துகொண்டு படியேறி, பாலம் கடந்து, ஆட்டோக்காரர்களை மீறி வெளியே வருவதே ஒரு மலையேற்றம்தான். சான்றிதழ்தான் யாரும் தருவதில்லை.

ஞாயிறு மாலை நாலு மணிக்குக் காத்கோதாம் ரயில். அங்கிருந்து குமாவுன் மலைக் கிராமங்கள் வழியாகப் பன்னிரண்டு நாள் நடை. துணைக்கு அத்தான், அதாவது கோமதி அக்காவின் கணவர். மத்திய அமைச்சகம் ஒன்றில் முப்பது வருஷம் உட்கார்ந்ததற்கு நடந்து பரிகாரம் தேடுகிறவர். எனக்கு அவ்வளவு உயர்ந்த நோக்கம் கிடையாது. ஐம்பத்து நாலு வயதில் மலைக்குப் போகிறேன் என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். வாபஸ் வாங்க வழி தெரியவில்லை.

சரோஜினி நகர்க் குவார்ட்டர்ஸில் அக்கா கதவைத் திறந்தாள். ஓய்வுபெற்ற நர்ஸ். தில்லிக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் திருநெல்வேலி இன்னும் நாக்கைவிட்டு இறங்கவில்லை.

"லே, சென்னை பீச்சுல நடக்கப் போயி மயங்கி விழுந்தியாமே?"

"மயங்கலக்கா. உக்காந்தேன்."

"மூஞ்சி மண்ணுல படுத மாதிரியா உக்காருவாவ?"

நான் இன்சுலின் போடுகிறவன். சில சமயம் சர்க்கரை திடுதிப்பென்று இறங்கிவிடும். மலைச் சரிவில் அப்படி ஆனால், பையைக் கழற்றி, கொக்கிகளை அவிழ்த்து, மழைக்கோட்டுக்கு அடியில் குளுக்கோஸைத் தேடி எடுப்பதற்குள் நான் பள்ளத்தாக்கில் இருப்பேன். எனவே அக்கா தீர்ப்புச் சொன்னாள்: பையைக் கழற்றாமல், நடந்துகொண்டே, ஒற்றைக் கையால் எடுத்து வாயில் போட்டுக் காட்டினால்தான் ரயில். இல்லாவிட்டால் அத்தான் தனியாகப் போகட்டும்.

"நல்லா பிராக்டிஸ் பண்ணிக்கிடும் மாப்ளே," என்றார் அத்தான், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். "எனக்கு லீவு சாங்ஷன் ஆயாச்சு."

கோவில்பட்டிக் கடலை மிட்டாய் இரண்டு பாக்கெட் கொண்டுவந்திருப்பதைப் பெருமையாகக் காட்டினேன். "இத நீ மென்னு முழுங்கதுக்குள்ள மலையே தேஞ்சிரும்," என்று பறித்துக்கொண்டு, குளுக்கோஸ் வில்லைகளைக் கொடுத்தாள்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பஹாட்கஞ்ச் கிளம்பினோம். பையின் மேல் மாட்டுகிற சின்னப் பைகள் அங்கே கிடைக்கும். நிறைந்த பையோடுதான் சோதிக்க வேண்டும் என்பதால் பதினொன்றரைக் கிலோவும் கூடவே மெட்ரோவில் வந்தது. அத்தான் சமயோசிதமாக வீட்டிலேயே தங்கிவிட்டார்.

கடையில் அக்கா தன் கைப்பையிலிருந்து தில்லிக் குளிருக்கான கம்பளிக் கையுறைகளை எடுத்தாள். பாச்சா உருண்டை மணத்தது.

"சர்க்கரை எறங்குனா வெரலு நடுங்கும், கண்ணு மங்கும். இதப் போட்டுக்கிட்டு, கண்ண மூடிட்டு எடு."

கடைக்காரர் அக்காவை மரியாதையோடு பார்த்தார். "ஆண்ட்டிஜி, எவரெஸ்ட் போறாரா?" என்று இந்தியில் கேட்டார்.

"நஹி, பய்யா. டயாபடீஸ்."

முதலில் இடுப்புப் பட்டையில் மாட்டும் பை, அறுநூற்றைம்பது ரூபாய். அழகான ஜிப். ஆனால் எனக்கும் பைக்கும் நடுவே என் தொப்பை இருந்தது. அடுத்தது தோளுக்குப் பின்னால், பையின் மேல்பகுதியில் தொங்கும் பாட்டில் உறை. என் வலது தோள் இரண்டு வருஷமாக இறுகிக் கிடக்கிறது. கை காதுவரை போய் நின்றுகொண்டது. பார்ப்பவர்களுக்கு, யாரோ அறைய வர நான் தடுக்கிற மாதிரித் தெரிந்திருக்கும். மூன்றாவது, மார்பின் குறுக்கே மாட்டும் பெட்டி. எல்லாமே கைக்கு எட்டியது, பாதம்தான் கண்ணுக்குத் தெரியவில்லை. பாதத்தைப் பார்த்தே சில வருஷம் ஆகிறது என்றாலும், செங்குத்துப் பாதையில் அது ஒரு குறைதான்.

கடைசியாக இடது தோள்வாரில் மாட்டுகிற சின்னப் பை, நானூற்றெண்பது. ஜிப் கிடையாது, வெல்க்ரோ மூடி. கண்ணை மூடிக்கொண்டு கடைக்குள் நடந்தேன். "எடு!" என்றாள் அக்கா. சர்ரென்று ஒரு சத்தம்; வில்லை வாயில். கடைக்காரர் கைதட்டினார். அக்கா "ம்" என்றாள். அவளிடம் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

வெளியே வரும்போது மணி மூன்று. தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. தில்லியே கையில் இனிப்பு டப்பாவோடு எங்கோ போய்க்கொண்டிருந்தது. மெட்ரோ வாசலில் பாதுகாப்புச் சோதனை. பெண்கள் வரிசை குட்டை. அக்கா போய்விட்டாள். ஆண்கள் வரிசை அனுமார் வால். பையைக் கழற்றி எக்ஸ்ரே மெஷினுக்குள் அனுப்பிவிட்டு வரிசையில் நின்றேன்.

அப்போதுதான் பின்கழுத்து சில்லிட்டது. வேர்த்தது. எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துகள் நடமாட ஆரம்பித்தன. கை தானாக இடது தோளுக்குப் போனது. அங்கே தோள்தான் இருந்தது, பை இல்லை. ஆராய்ந்து, சோதித்து, கைதட்டு வாங்கிய அந்த நானூற்றெண்பது ரூபாய்ப் பை, வில்லைகளோடு, மெஷினின் அந்தப் பக்கம் சொகுசாக வெளியே வந்துகொண்டிருந்தது.

"ஷுகர்," என்றேன். எந்த மொழியில் சொன்னேன் என்று தெரியவில்லை.

முன்னால் நின்ற பருத்த மனிதர் திரும்பிப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து எலுமிச்சை மிட்டாயை எடுத்து, உறையைப் பல்லால் கிழித்து, என் வாயில் திணித்தார். "நானும் ஷுகர்வாலாதான், பாயி சாப்," என்றார் இந்தியில். பின்னாலிருந்து ஒருவர், ரிப்பன் கட்டிய ரசகுல்லா டப்பாவைப் பிரித்துவிட்டார். யார் வீட்டுக்கு வாங்கியதோ! "பாகைக் குடிங்க அங்கிள், பாகு," என்று டப்பாவையே வாயருகே சாய்த்தார். காவலர் தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினார். அக்கா தடுப்பைத் தாண்டி, கையில் வில்லையோடு ஓடி வந்தபோது என் வாயில் இடமில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட அவசரம் என்று முணுமுணுக்கவில்லை. தில்லிக்காரர்கள் முரடர்கள் என்று கேள்விப்பட்டு வளர்ந்தவன் நான். எங்கள் சென்னையில் இதே வரிசையில் நின்றிருந்தால் எப்போது சாப்பிட்டேன், எந்த டாக்டர், எத்தனை யூனிட், சிறுதானியம் ஏன் சாப்பிடுவதில்லை என்றெல்லாம் அன்போடு விசாரித்திருப்பார்கள். மிட்டாய் அதற்குப் பிறகு வந்திருக்கும். இங்கே மிட்டாய் முதலில் வந்தது. ரசகுல்லாக்காரர் விலை சொல்ல மறுத்துவிட்டு, பிரித்த டப்பாவோடு ரயிலேறிப் போய்விட்டார்.

மெட்ரோவில் உட்கார்ந்ததும் அக்கா என் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு, "சாப்பாட்டு நேரத்த மறந்தது நாந்தாம்லே," என்றாள். காத்கோதாம் ரயில் ரத்து என்று எனக்குப் புரிந்துவிட்டது. அத்தானுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு எழுந்து வந்தபோது, என் மலையேற்றச் சட்டைகள் மூன்றும் அக்கா மடியில் இருந்தன. வேர்வை உலரும், வாடை அடிக்காது என்று ஏகப்பட்ட சிறப்புகள் எழுதிய சட்டைகள். ஒன்றிலும் பாக்கெட் கிடையாது. அத்தானின் பழைய ஆபீஸ் சட்டையை வெட்டி, கோடு போட்ட பாக்கெட்டுகளாக, இடது மார்பில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"இது எதுக்குக்கா?"

நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். மூன்றாவது சட்டையின் பாக்கெட்டில் குளுக்கோஸ் வில்லைகளைப் போட்டு, அதை என்மேல் எறிந்துவிட்டு எழுந்தாள்.

"போயி குளி. பன்னெண்டு மணிக்கு இலை போட்டுருவேன். ரயில்ல குடுக்க பருப்ப நம்பியா மலை ஏறப் போறிய?"