டாக்டர் கேட்டுக்கு முன்னால் ஒரு வாத்து

பிரேக் டீச்சரின் வலது கால் சும்மா இருக்காது.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். கற்க வந்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, இவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பார். அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. சிவப்பு விளக்கைப் பார்த்ததும் உற்சாகமாகிப் பாய்கிற மாணவர்களை நிறுத்த இத்தனை வருஷமாக அதை அமுக்கி அமுக்கி, அந்தக் கால் சொந்தமாக முடிவெடுக்கத் தொடங்கிவிட்டது. சோபாவில் டிவி பார்க்கும்போது அமுக்கும். பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்திருக்கும்போது அமுக்கும். கணவர் இன்னும் கொஞ்சம் சோறு என்று தட்டை நீட்டினால், மேஜைக்கு அடியில் அவர் பாதத்தின் மேலேயே அமுக்கும்.

“போதும்னு சொல்றா,” என்பார் கணவர், தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டே. “வாயால சொல்லியிருந்தா எதிர்த்துப் பேசியிருப்பேன்.”

எங்கள் தெரு விமான நிலையத்துக்குப் பின்பக்கம் இருக்கிறது. பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தால் வியர்ப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். இந்தத் தகவலை யார் வெளியே சொன்னார்களோ தெரியாது. சுற்றுலா போகிறவர்கள் எல்லோரும் விமான நிலையத்துக்குக் காசு கொடுப்பானேன் என்று எங்கள் வீட்டு வாசல்களில் காரை நிறுத்தத் தொடங்கினார்கள். நிறுத்துவார்கள், கண்ணாடியை மடக்குவார்கள், பூட்டுவார்கள், பூட்டியதை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்கள், தொப்பியை மாட்டிக்கொண்டு பெட்டியை உருட்டிப் போவார்கள். போகும்போது ஜன்னலில் நிற்கிற வீட்டுக்காரரைப் பார்த்து ஒரு சிரிப்பு. நட்புச் சிரிப்பு என்று நினைத்துத் திருப்பிச் சிரித்த அப்பாவிகள் தெருவில் உண்டு. அது ‘வண்டியைக் கொஞ்சம் பாத்துக்கோங்க’ சிரிப்பு.

இதை எதிர்த்துக் கிளம்பிய போராட்டத்துக்கு பிரேக் டீச்சர்தான் தலைவி. துணைத் தலைவர் அவருடைய பக்கத்து வீட்டு பல் டாக்டர். டீச்சர் கூட்டம் போட்டார், நகராட்சிக்கு நடையாய் நடந்தார், தினமும் போன் செய்தார். டாக்டர் தன் கேட்டில் ‘இங்கே வண்டி நிறுத்தாதீர்’ என்று பலகை எழுதி மாட்டினார். யாரும் மதிக்காததால் அதற்கு அடியில் ‘தயவுசெய்து’ என்று சேர்த்தார். பிறகு கோபம் வந்து அதைக் கோடு போட்டு அடித்துவிட்டார். டீச்சரின் கணவர் மட்டும் கூட்டங்களுக்கு வரவில்லை. அவருக்கு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. மனைவி தெருவில் விரட்டுகிறவர்களின் பெட்டிகளைக் கணவர் பத்திரமாக விமானத்தில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார். குடும்பம் என்றால் ரெண்டு கருத்து இருக்கத்தானே செய்யும்.

அந்த சீசனில் வந்த வண்டிகளிலேயே மோசமானது ஒரு மெரூன் நிற வேன். டீச்சர் வீட்டு வாசல் முடிகிற இடத்தில் பின்பக்கம், டாக்டர் கேட்டின் குறுக்கே முன்பக்கம் என்று வசதியாக நின்றது. அதன் பின்கண்ணாடியின் உள்பக்கம் ஒரு பெரிய மஞ்சள் ரப்பர் வாத்து ஒட்டியிருந்தது. டாக்டரின் கார் வீட்டுக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்க, அவர் கிளினிக்குக்குப் பஸ்ஸில் போனார். போகும்போதெல்லாம் வாத்தை முறைப்பார். வாத்து சிரித்த முகமாகவே இருக்கும்.

இனி டீச்சரின் மாமியார். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் எல்லோருக்கும் தினமும் பிரஷர் பார்த்தார். அதனாலேயே எல்லோருக்கும் பிரஷர் ஏறியதுதான் மிச்சம். அப்போதுதான் ஒரு கிளினிக்கில், வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் இருப்பவர்களுக்குக் கட்டு மாற்றி ஊசி போடும் வேலை இருப்பதாகச் சொன்னார்கள். உங்கள் அனுபவத்துக்கு உடனே எடுத்துக்கொள்கிறோம், ஆனால் கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். அந்த அம்மா ஏற்கெனவே டெஸ்டில் தோற்றவர். இந்த முறையும் தோற்றால் பழகுநர் லைசென்ஸிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். கிளினிக் அதுவரை காத்திருக்காது. மறுபடியும் வீட்டார் பிரஷர்தான். அந்த அம்மா பாஸாக வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் மனசார விரும்பியதற்கு அன்பு மட்டும் காரணம் இல்லை.

வீட்டுக்குள் மாமியார் வைத்ததுதான் சட்டம். காருக்குள் மட்டும் மருமகள் சட்டம்.

“அத்தை, கண்ணாடியப் பாருங்க.”

“பாத்தேன்.”

“என்ன தெரியுது?”

“என் மூஞ்சி.”

“அதை ஏன் உங்க பக்கம் திருப்பி வெச்சீங்க?”

“தல கலைஞ்சிருக்கான்னு பாக்க வேணாமா? டெஸ்ட் எடுக்கறவர் என்ன நெனப்பாரு?”

நேராக முன்னால் போவதில் அந்த அம்மாவுக்குப் பிரச்சினை இல்லை. தோற்றதெல்லாம் பின்னால் வருவதில்தான். நிற்கிற ஒரு வண்டிக்குப் பின்னால், ரிவர்ஸில் வந்து ஓரங்கட்ட வேண்டும். அது மட்டும் வரவே இல்லை.

“ஸ்டியரிங்க ஒடிங்க அத்தை.”

“எவ்வளவு?”

“கொஞ்சம்.”

“கொஞ்சம்னா எவ்வளவு? டாக்டர் ஊசிய ‘கொஞ்சம்’ போடுன்னு எழுதிக் குடுத்தா நான் போட்டிருவேனா? அளவச் சொல்லும்மா!”

டீச்சர் யோசித்தார். கண் எதிரே வாத்து சிரித்துக்கொண்டிருந்தது.

“சரி, அளவு சொல்றேன். அந்த வேன் கண்ணாடியில வாத்து இருக்குல்ல? மெதுவா பின்னாடி வாங்க. வாத்து உங்க தோளுக்கு நேரா வந்ததும் உள்பக்கம் முழுசா ஒடிங்க. இன்னும் பின்னாடி வாங்க. வாத்து முன்கண்ணாடி வழியா தெரிஞ்சதும் வெளிப்பக்கம் முழுசா ஒடிங்க. முடிஞ்சுது.”

கார் மேஜை டிராயர் மாதிரி உள்ளே போய் நின்றது. மாமியார் இறங்கிச் சுற்றிவந்து பார்த்தார்.

“இத முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?”

அன்றிலிருந்து தினமும் வாத்துதான். தப்பே வரவில்லை. அதிர்ஷ்டம் இன்னொன்றும் சேர்ந்தது. லைசென்ஸ் அலுவலகம் எங்கள் தெருக்கோடியில்தான் இருக்கிறது. டெஸ்ட் அதிகாரி மெயின்ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஓரங்கட்டச் சொல்வதற்கு எங்கள் தெருவுக்குத்தான் வருவார். சமீபத்தில் அதற்கு அவர் இந்த மெரூன் வேனையே வழக்கமாக வைத்துக்கொண்டிருந்தார். அசையாமல் நிற்கிற வண்டி யாருக்குத்தான் பிடிக்காது?

டெஸ்டுக்கு முந்தைய நாள் டாக்டர் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். முகமெல்லாம் பல்.

“டீச்சர், ஜெயிச்சுட்டோம்! நாளைக்குக் காலையில இழுவை லாரி வருது. மொத வண்டி அந்த வாத்துதான். நகராட்சிக்காரரு சொன்னாரு, ‘அந்த மேடம் போன் தாங்க முடியல சார், அனுப்பிடறோம்’னு.”

டீச்சரின் கால் தரையை அமுக்கியது. எதுவும் நிற்கவில்லை.

மறுநாள் லாரி வந்தது. டிரைவர் கொக்கியை எடுத்துக்கொண்டு இறங்கியபோது வேனுக்கும் லாரிக்கும் நடுவே டீச்சர் நின்றார்.

“அண்ணே, இந்த ஒரு வண்டிய விட்ருங்க. மத்ததெல்லாம் எடுத்துக்கோங்க. மத்தியானம் வந்து இதையும் எடுத்துக்கோங்க.”

“நீங்க யாரும்மா? வண்டி உங்களுதா?”

“இல்ல. புகார் குடுத்தது நான்தான்.”

டிரைவர் கொக்கியைக் கீழே வைத்தார். “எடு எடுன்னு தினமும் போன் பண்ணது நீங்க. இப்ப எடுக்காதேன்னு சொல்றதும் நீங்க. எதாவது ஒண்ணுல நில்லுங்கம்மா.”

டாக்டர் ஓடிவந்தார். “டீச்சர், கட்சி மாறிட்டீங்களா?”

“அரை நாள் டாக்டர். அத்தைக்கு இன்னிக்கு டெஸ்ட்.”

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“வாத்து வேணும்.”

டாக்டர் அவரை மனநல வைத்தியர் பார்க்கிற பார்வை பார்த்தார்.

இந்தச் சமயத்தில் தெருமுனையில் பெட்டி உருளும் சத்தம் கேட்டது. வெயிலில் வெந்து சிவந்த ஒரு மனிதர், அதே நிறத்தில் மனைவி, கழுத்தில் சிப்பி மாலை. வேன்காரர்! தன் வண்டியைச் சுற்றி லாரியும் கொக்கியும் கூட்டமும் நிற்பதைப் பார்த்ததும் பெட்டியின் கைப்பிடி அவர் கையிலிருந்து நழுவியது.

“சார், மன்னிச்சுக்கோங்க, தப்புத்தான், இப்பவே எடுத்துடறேன்…”

“எடுக்காதீங்க!” என்று டீச்சர் கத்திய கத்தலில் அவர் சாவியையும் கீழே போட்டார்.

வண்டிச் சொந்தக்காரரே வந்துவிட்டதால் லாரிக்காரர் கொக்கியைச் சுருட்டிக்கொண்டு தெருவின் அடுத்த கோடிக்குப் போனார். டீச்சர் வேன்காரரின் கையைப் பிடித்து, டெஸ்ட் முடிகிறவரை வேன் இங்கேயே நிற்கட்டும் என்று கெஞ்சினார். எங்கள் தெருவில் இப்படி ஒரு வார்த்தையை அந்த மனிதர் எதிர்பார்த்தே இருக்கமாட்டார். தாராளமாக நிற்கிறோம் என்றார். டீச்சர் மாமியாரை அழைத்துக்கொண்டு லைசென்ஸ் அலுவலகத்துக்கு ஓடினார்.

அவர் போன பிறகுதான் வினை. டாக்டர் தன் கேட்டருகே கைகட்டி நின்று வேன்காரரை முறைத்துக்கொண்டிருந்தார். வாத்து தாங்கிய முறைப்பை மனிதர் தாங்கவில்லை. நல்ல மனிதர், பாவம். நிற்கத்தானே சொன்னார்கள், கேட்டை மறிக்காமல் நிற்போமே என்று வேனை மரியாதையாக முன்னால் நகர்த்தினார். கேட் முழுசாக வெளியே வந்தது. டாக்டர் பல நாள் கழித்துச் சிரித்தார்.

டீச்சர் அலுவலகத்திலிருந்து திரும்பி நடந்து வந்தபோது வேன் முன்னால் போயிருப்பதைப் பார்த்தார். அதே நேரம் மெயின்ரோட்டுப் பக்கமிருந்து கார் தெருவுக்குள் நுழைந்தது. ஸ்டியரிங்கில் மாமியார், பக்கத்தில் டெஸ்ட் அதிகாரி. கார் வேனைத் தாண்டி நின்றது. பின்னால் வரத் தொடங்கியது. டீச்சர் நடைபாதையில் நின்றபடி வலது காலால் ஓங்கி அமுக்கினார். நடைபாதையில் பிரேக் இல்லை.

மாமியார் கண்ணுக்கு அப்போது தெரு இல்லை, கேட் இல்லை, மருமகள் இல்லை. வாத்து மட்டும். வாத்து தோளுக்கு வந்தது, உள்ளே ஒடித்தார். வாத்து முன்கண்ணாடிக்கு வந்தது, வெளியே ஒடித்தார். கார் அழகாக, கோடு போட்ட மாதிரி, டாக்டர் கேட்டை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றது.

அதிகாரி இறங்கினார். சிரிப்பதற்கு மேலிடத்து அனுமதி வாங்கவேண்டியவர் போன்ற முகம்.

“வண்டி நேரா இருக்கு. ஓரத்துல இடைவெளி சரியா இருக்கு. ஆனா ஒரு கேட்டை மறிச்சு நிறுத்தியிருக்கீங்களேம்மா?”

மாமியார் அப்போதுதான் கேட்டைப் பார்த்தார். பிறகு வாத்தைப் பார்த்தார். வாத்து இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தது. உலகம்தான் நகர்ந்திருந்தது.

“இது யாரோட கேட்?” என்றார் அதிகாரி.

“என்னுது,” என்றார் டாக்டர்.

“உபயோகத்துல இருக்கா?”

இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்லவேண்டும். டாக்டருக்கு ஒருமுறை காலில் ஆணி ஏறியது. ஊசி போட்டது டீச்சரின் மாமியார்தான். ஊரெல்லாம் ஈறில் ஊசி குத்துகிற டாக்டர், ஊசியைப் பார்த்ததும் சோபாவில் மயங்கி விழுந்தார். தெளிந்ததும், யாருக்கும் தெரியக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். அந்த அம்மா வாக்குத் தவறாதவர். மருமகளிடம் மட்டும் சொன்னார். மருமகளும் கார் கற்க வருகிறவர்களிடம் மட்டும்தான் சொன்னார்.

“டாக்டர்,” என்றார் மாமியார் ஜன்னல் வழியாக, நர்ஸ் குரலில். “அந்த ஆணி குத்தின இடம் இப்ப எப்படி இருக்கு? அன்னிக்கு ஊசி போட்டப்போ…”

“இல்ல சார்!” என்றார் டாக்டர் அவசரமாக. “இந்த கேட்ட நாங்க தொறக்கிறதே இல்ல.”

“பின்னாடி ஏதோ பலகை மாதிரி இருக்கே?”

டாக்டர் இரண்டடி பின்னால் போய்ப் பலகையின் மேல் முதுகைச் சாய்த்து நின்றார். “பெயிண்ட் சார். காயல. கிட்ட வராதீங்க.”

“நீங்களே சாஞ்சிருக்கீங்க?”

“அதான் சார் நகர முடியல.”

அதிகாரி அவரைப் பார்த்தார். பின்னே நின்ற டீச்சரின் காலைப் பார்த்தார்; அது இன்னும் அமுக்கிக்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு கையெழுத்துப் போட்டு, “பாஸ்,” என்றார்.

அதிகாரி தலை மறைந்ததும் வேன்காரர் மனைவியோடு சேர்ந்து கைதட்டினார். எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது. டாக்டர் முதுகை எடுத்தார்.

“சரிம்மா, வண்டிய எடுங்க. நான் கிளினிக் போகணும்.”

“எப்படி எடுக்கிறது?” என்றார் மாமியார். “உள்ள வர்றதுக்குத்தான் வாத்து. வெளிய போறதுக்கு என்ன அளவு?”

டாக்டர் அன்றைக்கும் பஸ்ஸில்தான் போனார்.

பிறகு தெருவுக்கு, வண்டி நிறுத்தக்கூடாது என்று நகராட்சிப் பலகையே வந்தது. சுற்றுலாக்காரர்கள் அடுத்த தெருவுக்கு மாறினார்கள். அந்தத் தெருக்காரர்கள், போராட்டம் நடத்துவது எப்படி என்று கேட்டு டீச்சரிடம் வந்தார்கள். டீச்சர் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, “பின்கண்ணாடியில பொம்மை ஒட்டின வண்டி ஏதாச்சும் நின்னா, அத மட்டும் கொஞ்ச நாள் விட்டுவைங்க,” என்றார்.

மாமியார் வேலைக்குப் போன முதல் நாள், மகனின் பழைய காரில் துணைக்கு டீச்சரும் ஏறிக்கொண்டார். பின்சீட்டில் மருந்துப் பெட்டி, அதன் பக்கத்தில் வேன்காரர் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன வாத்து. முதல் திருப்பத்திலேயே டீச்சரின் வலது கால் எழும்பி இறங்கியது. அந்தக் காரில் அவர் பக்கம் பிரேக் கிடையாது.

“ஏம்மா தரையைப் போட்டு மிதிக்கிற?” என்றார் மாமியார், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல். “சாயங்காலம் வந்து உனக்கு ஒரு பிரஷர் பாக்கறேன், இரு.”